பட்டுத்துணில அம்மாவும் புள்ளையும்: வியட்நாம் முறைல வரையறது எப்படி, கோத்தகிரி குளிர்ல

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அம்மாவும் புள்ளையும் இருக்குற படத்துல முக்கியமான எடம் முகமும் இல்ல கண்ணும் இல்ல, அம்மா கன்னமும் புள்ள நெத்தியும் ஒட்டுற எடம்தான், இல்லன்னா புள்ள கை அம்மா கழுத்துல பதியுற எடம், ஒரு இன்ச் கூட இருக்காது, ஆனா அங்க ஒரு கோடு போட்டுட்டீங்கன்னா ரெண்டு பேரும் பஸ்ல பக்கத்து சீட்டு ஆளுங்க மாதிரி ஆயிடுவாங்க. வியட்நாம்காரங்க பட்டுல போட்ட படங்கள பார்த்துப் பார்த்துதான் இது எனக்குப் புரிஞ்சுது. பேப்பர்ல வருஷக்கணக்கா எங்கம்மாவ வரைஞ்சு பார்த்து வரல, பட்டுலதான் வந்துச்சு.

நான் கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல பொறந்தவ. அம்மா சின்ன வயசுல கண்டிப் பக்கத்துலருந்து குடும்பத்தோட இங்க வந்துச்சு, வந்ததுலருந்து கொழுந்து பறிச்சுது. இப்ப நான் வீட்டுல பசங்களுக்கு ட்ராயிங் சொல்லித் தர்றேன், அதுல ரெண்டு மூணு பேரு இந்தப் பட்டு வேலைய எழுதிக் குடுங்கக்கான்னு கேட்டுட்டே இருந்தாங்க, அதான் எனக்குத் தெரிஞ்சத எல்லாம் எழுதிடறேன், கொஞ்சம் நீளமா போகும்.

சில்க் பெயிண்டிங்னு சொன்னதும் நம்ம ஊர்ல எல்லாரும் நினைக்கறது துப்பட்டால மெழுகு மாதிரி ஒரு பசையால அவுட்லைன் போட்டு உள்ள கலர் நிரப்புறது, இல்லன்னா சேலைல ஃபேப்ரிக் பெயிண்ட்ல பூ போடறது. இது அது இல்ல. இது சட்டத்துல இழுத்துக் கட்டுன மெல்லிசு பட்டுல, வாட்டர் கலர தண்ணியா கரைச்சு, மேல மேல பூசி, நடுவுல கழுவி, திரும்பப் பூசி, கடைசில பின்னாடி பேப்பர் ஒட்டி எடுக்குற படம். அங்க ட்ரான் லுவான்னு சொல்லுவாங்க, லுவான்னா பட்டு.

இது எங்கருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கறது வேலைக்கு உதவும். பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலத்துல ஹனோய்ல ஒரு ஓவியக் கல்லூரி, 1925ல வகுப்பு ஆரம்பிச்சுது, விக்டர் தார்த்யூன்னு ஒரு பிரெஞ்சு ஓவியரும் நாம் சோன்னு ஒரு வியட்நாம் ஓவியரும் சேர்ந்து உருவாக்குனது. அதுல மொத செட்டுல சேர்ந்தவர் நுயென் ஃபான் சான், 1892ல பொறந்தவர், சேரும்போதே முப்பது தாண்டிடுச்சு, ஏற்கனவே சீன எழுத்தும் மையும் தூரிகையும் கைல பழகுன ஆளு. ஆயில் பெயிண்ட் அவருக்கு ஒட்டல, பட்டுக்குப் போனாரு. 1931ல பாரிஸ்ல நடந்த பெரிய கண்காட்சில அவர் பட்டு ஓவியங்கள் போச்சு, அங்கதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அவரோட பேரெடுத்த படத்துல கிராமத்துப் பொண்ணுங்க தரைல உக்காந்து கட்டம் போட்டு கல்லு வெச்சு ஆடறாங்க, ஓ அன் க்வான்னு அந்த ஆட்டத்துக்குப் பேரு, கல்ல எடுத்து ஒவ்வொரு கட்டமா போட்டுட்டே போறது, நம்ம பல்லாங்குழிக்கு அக்கா தங்கச்சி முறை. அந்தப் படத்துல இருக்குற நெறம் பூரா மண்ணு, பழுப்பு, கருப்பு. நம்ம தோலு நெறத்துக்கு அப்படியே ஒத்துப் போற நெறம்.

அதுக்கப்பறம் அதே கல்லூரில படிச்சவங்க லே ஃபோ, மாய் ட்ருங் தூ, ரெண்டு பேரும் 1937ல பிரான்ஸ் போய் அங்கயே தங்கிட்டாங்க. தாயும் பிள்ளையும் இவங்க திரும்பத் திரும்ப வரைஞ்ச விஷயம். லே ஃபோ ரொம்பச் சின்ன வயசுலயே அம்மாவ இழந்தவர், அவர் படத்துல அம்மாங்க எல்லாம் நீளமான கழுத்து, மெலிஞ்ச விரல், தலைய ஒரு பக்கமா சாய்ச்சு கொஞ்சம் எட்டாத எடத்துல இருக்குற மாதிரி இருப்பாங்க, அவர் தாயில்லாம வளந்தவர்னு தெரிஞ்சதுக்கு அப்பறம் என்னால அந்தப் படங்கள வேற மாதிரி பார்க்க முடியல. ஐரோப்பாவுல பழைய இத்தாலி மாதா படங்களையும் பார்த்தவர் அவரு, குழந்தையோட இருக்குற குவான்யின்ங்கற பௌத்தக் கருணைத் தெய்வத்தோட சிலைய ஊர்க் கோயில்ல பார்த்து வளர்ற நாட்டுல பொறந்தவரும்கூட, ரெண்டும் அவர் பட்டுல கலந்து கெடக்கு. லே தி லூன்னு ஒரு பெண் ஓவியர், 1911ல பொறந்து 1932ல அதே கல்லூரி முடிச்சவங்க, அங்க படிச்சு வெளிய வந்த பொண்ணுங்க அப்ப விரல் விட்டு எண்ணிடலாம். அவங்க பிள்ளைங்க முகத்துல ஒரு கதகதப்பு இருக்கும், கன்னத்துல ரத்தம் ஓடுறது தெரியும். என்னக் கேட்டா நெறத்த சான் கிட்ட கத்துக்கங்க, கைல புள்ளய எப்படி ஏந்தி இருக்காங்கங்கறத லூ கிட்டயும் மாய் தூ கிட்டயும் கத்துக்கங்க. பாரிஸ் போனவங்க படத்துல முகம் வெளுப்பா இருக்கும், அத மட்டும் காப்பி அடிக்காதீங்க, நம்ம அம்மா மொகம் அது இல்ல.

இன்னொண்ணும் கவனிங்க. அந்தப் படங்கள்ல பெரும்பாலும் அம்மா நம்மள பார்க்காது, புள்ளய பார்க்கும், இமை கீழ எறங்கி இருக்கும். இமை எறங்கின கண்ணு வரையறது சுலபம்னு நினைச்சிடாதீங்க, ஒரே ஒரு வளைவு தான், அது தப்பிச்சுன்னா தூங்குற மாதிரி ஆயிடும்.

இனி வேலைக்கு வர்றேன்.

துணிதான் பாதி படம். காஞ்சிபுரம் மாதிரி கனமான பட்டு ஆகவே ஆகாது, ஜரிகை இருக்கக் கூடாது, சாயம் போட்டிருக்கக் கூடாது, மெல்லிசா, சாதா நெசவா, நூலு கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கணும். நான் மேட்டுப்பாளையம் எறங்கி சிறுமுகை போய் வாங்கறேன், அங்க நெசவு வீடுங்க நெறைய, சாயம் போடாத வெள்ளைப் பட்டு மெல்லிசா வேணும்னு கேட்டா காட்டுவாங்க. வாங்கும்போது ரெண்டு சோதனை. ஒண்ணு, துணிய நியூஸ் பேப்பர் மேல விரிச்சா கீழ இருக்குற எழுத்து படிக்கத் தெரியணும். ரெண்டாவது, ஓரத்துல ஒரு நூல உருவி தீக்குச்சி காட்டுங்க, முடி கருகுற நாத்தம் வந்து சாம்பல் விரல்ல பொடிஞ்சா பட்டு, உருகி மணி மாதிரி கெட்டியா நின்னா பாலியஸ்டர். பாலியஸ்டர்ல கலர் நூலுக்குள்ள போகாது, மேலயே நிக்கும், எத்தன தடவ பூசினாலும் படம் பொறக்காது. பாட்டியோட பழைய பட்டுச் சேலைல போடலாமான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, ஆசை புரியுது, ஆனா சாயமேறின துணி, நூலும் நைஞ்சிருக்கும், இழுத்துக் கட்டும்போது கிழிஞ்சா மனசு விட்டுப் போயிடும், அத மடிச்சு பத்திரமா வெச்சுக்கங்க.

வாங்கின துணிய பூந்திக்கொட்டை ஊற வெச்ச வெதுவெதுப்பான தண்ணில மெதுவா அலசி, நல்ல தண்ணில மூணு தடவ அலசுங்க, நெசவுல இருக்குற எண்ணெய், கை அழுக்கு எல்லாம் போகணும். முறுக்கிப் பிழியாதீங்க, டவல்ல சுருட்டி அமுக்கி எடுங்க.

சட்டம் தச்சு வாங்கறப்ப ஆசாரி கிட்ட நல்லா காஞ்ச மரம்னு ரெண்டு தடவ சொல்லுங்க, நம்ம மலைல காஞ்சதுன்னு சொல்றது பாதி ஈரமாத்தான் இருக்கும், ரெண்டு மாசத்துல சட்டம் முறுக்கிக்கும், பட்டுல சுருக்கம் விழும். மொத படத்துக்கு ஒன்றரை அடிக்கு ஒண்ணேகால் அடி போதும். உள் ஓரத்த உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ச்சிடுங்க. துணி லேசா ஈரமா இருக்கும்போதே கட்டணும். மூலைலருந்து ஆரம்பிக்காதீங்க, மேல் பக்கம் நடுவுல ஒரு பின், கீழ் பக்கம் நடுவுல ஒரு பின், அப்பறம் இடம் வலம், இப்படி எதிரெதிரா போயிட்டே இருந்து மூலைய கடைசில முடிங்க, நூலு சட்டத்துக்கு நேரா ஓடணும், கோணலா போனா காஞ்சதும் அம்மா முகமும் சேர்ந்து கோணும். காஞ்சப்பறம் விரலால தட்டினா தப்பு மேளம் மாதிரி லேசா சத்தம் வரும். பின் பித்தளையா இருக்கட்டும். நான் மொத படத்துக்கு கைக்குக் கெடச்ச இரும்புப் பின் அடிச்சேன், ஐப்பசி மழைல மூணு வாரம் வேலை இழுத்துச்சு, ஓரம் பூரா துருக் கறை, ஒரு கறை ஊறி உள்ள வந்து சரியா புள்ளயோட பாதத்துல நின்னுச்சு, எத்தன அலசியும் போகல, அந்தப் படத்த இன்னிக்கும் பரண்ல வெச்சிருக்கேன்.

அடுத்தது கஞ்சி. கஞ்சியே போடலன்னா கலர் பட்டுல கண்டபடி ஓடும், ஜாஸ்தி போட்டா பட்டு பேப்பராயிடும், கலர் மேலயே நிக்கும். ஒரு டீஸ்பூன் கூவை மாவு, ஒன்றரை டம்ளர் தண்ணி, கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் காய்ச்சி, துணில வடிகட்டி, மறுபடி தண்ணி சேர்த்து கிட்டத்தட்ட தண்ணியாவே ஆக்கிடுங்க, ஒரு சிட்டிகை படிகாரம். அகலமான மெதுவான பிரஷ்ல ஒரே ஒரு தடவ பூசி காய விடுங்க. காஞ்சதும் ஓரத்துல ஒரு சொட்டு தண்ணிக் கலர் வெச்சுப் பாருங்க, மெதுவா பரவி ரெண்டு மடங்கு ஆகி நின்னுடணும். நிக்காம ஓடுச்சுன்னா இன்னொரு தடவ கஞ்சி.

இப்ப வரையறது. பட்டுல நேரா வரையாதீங்க, பட்டுல அழிக்க முடியாது, ரப்பர் வெச்சா நூலு பிரிஞ்சிடும். அதே அளவு பேப்பர்ல முழுசா வரைஞ்சு முடிச்சு, கருப்பா ஒரு தடவ கோடு போட்டு, அத பட்டுக்கு அடில ஒட்டின மாதிரி வெச்சா மேல தெரியும், அத பார்த்து மெல்லிசு பிரஷ்ல, தண்ணியா கரைச்ச பழுப்புல எடுத்துக்கணும். இந்தக் கோடு கடைசில காணாம போற அளவுக்கு வெளிறி இருக்கணும்.

என்ன வரையறதுங்கறதுதான் பெரிய விஷயம், இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன். வியட்நாம் படத்தப் பார்த்து நாமளும் அவங்க அங்கிய மாட்டி விட்ட அம்மாவ வரைய வேணாம். அவங்க அவங்க அம்மாவ வரைஞ்சாங்க, அதனாலதான் அது நல்லா இருக்கு. நம்ம மலைல அம்மாங்க எப்படி இருக்காங்க, சேலைக்கு மேல முழுக்கை சட்டை, அதுக்கு மேல ஸ்வெட்டர், தலைல துண்டு, இடுப்புல ஈரம் படாம சுத்திக் கட்டுற படங்கு, புள்ளைக்கு காது மூடுற கம்பளிக் குல்லா. தோட்டத்துல வேலை முடிஞ்சு பொழுது சாயற நேரத்துல புள்ளமடுவத்துக்கு, அதாவது தோட்டத்துப் புள்ளக் காப்பகத்துக்கு வந்து ஆயாம்மா கைலருந்து புள்ளய வாங்குற அந்த நிமிஷம் எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு, அம்மா கை சில்லுன்னு இருக்கும், கொழுந்து பறிச்ச கறை விரல் நுனில கருப்பா பச்சையா ஒட்டி இருக்கும், அந்தக் கையால கன்னத்த தொடாம புறங்கையால தொடும். புறங்கையால தொடற அம்மா, இத எந்தப் படத்துலயும் நான் பார்த்ததில்ல, அததான் நான் போட்டேன். உங்களுக்கும் அப்படி ஒண்ணு இருக்கும், ஒரு நாள் உக்காந்து யோசிங்க, போட்டோவத் தேடாதீங்க.

கைக்குழந்தைதான் இருக்கணும்னும் இல்ல. ட்ரான் வான் கான்னு ஒருத்தர் பட்டுல போட்ட ஒரு படத்துக்குப் பேரே பிள்ளை படிக்க அம்மா கேக்குறாங்கற மாதிரிதான், அதுல அம்மாங்கறதுக்கு பாம்னு ஒரு நாட்டுப்புறத்துச் சொல்ல வெச்சிருக்காங்க, நாம ஆத்தான்னு சொல்ற மாதிரி. அத பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இலங்கைலருந்து சித்தி போடற கடுதாசி, அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, நான் அடுப்பங்கரைல உக்காந்து படிப்பேன், அம்மா ரொட்டி தட்டுறத நிறுத்திட்டு மாவுக் கையோட கேக்கும், முடிஞ்சதும் மறுபடி மொதல்லருந்து படின்னு சொல்லும். அதுதான் என்னோட அடுத்த படம்.

படத்த அமைக்கறதுல ஒரு விதிதான் எனக்கு, அம்மாவோட துணிய ஒரே பெரிய எடமா வெச்சுக்கங்க. சான் படங்கள்ல பாவாடை, தலைத்துணி எல்லாம் பெரிய கருப்புப் பரப்பா நிக்கும், உள்ள மடிப்பு ரெண்டே ரெண்டுதான் இருக்கும், அந்த அமைதியான எடம் இருக்கறதாலதான் முகமும் கையும் பேசும். ஸ்வெட்டர்ல இருக்குற பின்னல் டிசைன் எல்லாம் போட ஆசை வரும், வேணாம். பின்னாடி மலை, மேகம், தேயிலைன்னு நிரப்பவும் வேணாம், வெறும் பட்டே மிஸ்ட் மாதிரி இருக்கும், அது போதும். நம்ம ஊருக்கு இதுல ஒரு கொடுப்பினை இருக்கு. மிஸ்ட் எறங்கின நாள்ல வெளிய நின்னு ஒரு ஆள பாருங்க, கீழ நிழலே விழாது, முகத்துல ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் இருட்டுன்னு இருக்காது, எல்லா எடமும் ஒரே மெதுவான வெளிச்சம். பட்டு ஓவியத்துக்கு வேண்டிய வெளிச்சம் அதேதான். வெயில் நாள்ல பார்த்து வரையாதீங்க, மிஸ்ட் நாள்ல பாருங்க.

கலர் ரொம்ப வேணாம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன், ஒரு செவப்பு, அப்பறம் சீன மைக்கட்டி. வாட்டர் கலர் ட்யூப்தான். பாட்டில்ல வர்ற இந்தியன் இங்க் வேணாம், அதுல அரக்கு இருக்கும், காஞ்சா பட்டு மேல தோல் மாதிரி நிக்கும். வெள்ளைக் கலர் மூடியத் தொறக்கவே தொறக்காதீங்க. லே ஃபோவும் மாய் தூவும் கெட்டிக் கலரான குவாஷ் கூட பட்டுல பயன்படுத்துனாங்க, அவங்க கை வேற, நாம மொத படத்துக்கு வெள்ளை வேணும்னா பட்ட அப்படியே விடணும்.

தேயிலை நாட்டுல இருந்துட்டு டீத்தண்ணில பூசிப் பார்க்காம இருக்க முடியுமா, நானும் பார்த்தேன். டஸ்ட் டீய கொதிக்க வெச்சு ரெண்டு தடவ வடிகட்டி ஆற வெச்சு மொத பூச்சா குடுத்தா பட்டு பழைய தந்தம் மாதிரி ஆகும், ரொம்ப அழகு. ஆனா இரும்புச் சட்டில காய்ச்சாதீங்க, டீல இருக்குற துவர்ப்பு இரும்போட சேர்ந்தா சாம்பல் கருப்பாயிடும். படத்த விக்கப் போறீங்க, யாருக்காவது குடுக்கப் போறீங்கன்னா டீய விட யெல்லோ ஆக்கர தண்ணியா பூசறதுதான் நம்பிக்கை, வெளிச்சத்துல நெறம் நிக்கும்.

பூசுற முறை இதுதான், கைல ரெண்டு பிரஷ் இருக்கணும், ஒண்ணுல கலர், ஒண்ணுல வெறும் தண்ணி. கலர வெச்ச உடனே தண்ணி பிரஷ்ஷால ஓரத்த இழுத்து விட்டீங்கன்னா அது கரைஞ்சு போயி எங்க முடியுதுன்னே தெரியாது. தோலுக்கு பர்ன்ட் சியன்னால கொஞ்சம் ஆக்கர், துளி அல்ட்ராமரைன், டம்ளர்ல கரைச்சா சுக்குக்காப்பில பாதி அளவு கூட நெறம் இருக்கக் கூடாது. மொத பூச்சு போட்டதும் ஒண்ணுமே தெரியலயேன்னு இருக்கும், அப்படித்தான் இருக்கணும். காய விட்டு இன்னொண்ணு, காய விட்டு இன்னொண்ணு, முகத்துக்கு பத்து பன்னெண்டு பூச்சு வரும். அவசரப்பட்டு மூணாவது பூச்சுலயே கெட்டியா போட்டா முகம் மேல சேறு அப்பின மாதிரி ஆயிடும்.

மூணு நாலு பூச்சுக்கு ஒரு தடவ கழுவணும். எல்லாரும் பயப்படற எடம் இதுதான், ஆனா இந்தக் கழுவுறதுதான் வியட்நாம் முறையோட உசுரு. படம் முழுசா காஞ்சிருக்கணும், நம்ம ஊர்ல ஒரு நாள் முழுக்க விடுங்க, தொட்டுப் பார்த்து ஜில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம். சட்டத்த சாய்ச்சு வெச்சு மேலருந்து சொம்புத் தண்ணிய மெதுவா ஊத்திட்டே, அகலமான மெதுவான பிரஷ்ஷால நூலு ஓடுற பக்கமா லேசா தடவுங்க. கலர் கரைஞ்சு ஓடும், தண்ணி பழுப்பா எறங்கும், அய்யோ போச்சேன்னு மனசு அடிச்சுக்கும். போகாது. நூலுக்கு மேல சும்மா ஒட்டிட்டு இருந்தது மட்டும்தான் போகும், நூலுக்குள்ள ஊறினது நிக்கும். காஞ்சதும் பாருங்க, படம் துணி மேல இல்லாம துணிக்குள்ள இருக்கும், தூரத்துலருந்து வர்ற மாதிரி இருக்கும். பின்னாடி ஒரு காட்டன் டவல் வெச்சு ஒத்தி எடுத்துட்டு படுக்க வெச்சு காய விடுங்க, வெயில்ல வேணாம், குமுட்டி அடுப்பு பக்கத்துலயும் ஹீட்டர் பக்கத்துலயும் வேணவே வேணாம், ஒரு பக்கம் சீக்கிரம் காஞ்சா அந்த எடத்துல வட்டக் கறை நிக்கும்.

இப்ப அந்த ஒரு இன்ச். பேப்பர்லருந்து கோடு எடுக்கும்போதே அம்மாவும் புள்ளையும் தொடற எடத்த விட்டுடுங்க, அம்மா கன்னத்துக் கோடு வந்து நிக்கும், அந்தப் பக்கம் புள்ள நெத்திக் கோடு ஆரம்பிக்கும், நடுவுல ஒண்ணுமில்ல. பூசும்போது ரெண்டு பேர் தோலையும் தனித்தனியா பூசாதீங்க, அந்த எடத்துல ரெண்டையும் சேர்த்து ஒரே தண்ணியால நனைச்சுட்டு ஒரே கலர விடுங்க, தானா ரெண்டு பக்கமும் ஓடும். அஞ்சாறு பூச்சுக்கு அப்பறம், அங்க மட்டும் துளி செவப்பு, தோலு தோலோட அமுங்குற எடத்துல சூடு ஏறி செவந்திருக்கும் பாருங்க, அது. அம்மா புள்ளய விட மாநெறமா இருந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, தொடற எடத்துலருந்து ஒரு விரக்கட தள்ளி போயி அங்கருந்து கருமைய ஏத்துங்க, தொடற எடத்துல மட்டும் ரெண்டு பேரும் ஒரே நெறம். இது பொய்யில்லயான்னு எனக்கும் தோணுச்சு, பக்கத்து வீட்டுப் பொண்ணு புள்ளய தோள்ல போட்டு தட்டிட்டு இருக்கும்போது உத்துப் பார்த்தேன், நெசமாவே ஒட்டுற எடத்துல யாரு நெறம் எதுன்னு பிரிக்க முடியல.

நான் முடிச்ச படத்த அம்மாகிட்ட காட்டுனப்ப அது கண்ணாடிய போட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்துச்சு, நல்லா இருக்குன்னு எல்லாம் சொல்லல, கை கறைய ஏன்டி போட்ட, தொடச்சிட்டுதான வருவேன்னு கேட்டுச்சு.

முடிக்கு ஓரத்துல கோடு வேணாம், நெத்தியும் முடியும் சேர்ற எடத்த ஈரமா வெச்சு மைய தொட்டா பூனை முடி மாதிரி தானா பிரியும். கைக்குழந்தை தலைக்கு கருப்பு வேணாம், பழுப்பே போதும்.

தூளி போடணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. வியட்நாம்ல புள்ளய ஊஞ்சல் படுக்கைல போட்டு ஆட்டித் தாலாட்டுவாங்க, நமக்குச் சேலைத் தூளி, ரெண்டுலயும் உள்ள இருக்குற புள்ள வெளிய தெரியாது, கனம் மட்டும்தான் தெரியும். அந்தக் கனத்த கீழ் வளைவுல காட்டணும், அங்க துணி இறுகி மடிப்பே இல்லாம இருக்கும், மேல போகப் போக மடிப்பு கூடிக் கயித்துக்கிட்ட நெருங்கும். அடில ரெண்டு பூச்சு ஜாஸ்தி, மேல கம்மி. ஒரு சின்ன குதிகால் வெளிய தெரிஞ்சா போதும், அதுக்கு மேல எதுவும் காட்ட வேணாம்.

கடைசியா பின்னாடி பேப்பர் ஒட்டறது. வியட்நாம்ல தோன்னு ஒரு மரப்பட்டைல செய்யற கைப்பேப்பர் இருக்கு, நமக்கு பாண்டிச்சேரி ஹேண்ட்மேட் பேப்பர்ல மெல்லிசா, வெள்ளையா ஒண்ணு போதும். பின்னாடி வெள்ளை போனதும் படம் விளக்கு ஏத்தின மாதிரி ஆகும், அதனால ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாள சும்மா பின்னாடி வெச்சுப் பார்த்து, கலர் பத்தலன்னா இன்னொரு பூச்சு குடுத்துக்கங்க. அதே கூவை மாவ இன்னும் கொஞ்சம் கெட்டியா காய்ச்சி, கட்டியில்லாம வடிகட்டி, அன்னிக்கே பயன்படுத்துங்க, மறுநாள் வெச்ச பசை நம்ம ஈரத்துல பூஞ்சை புடிச்சிடும். பேப்பர லேசா நனைச்சு மெல்லிசா பசை தடவி, சட்டத்துல இருக்குற பட்டுக்குப் பின்னாடி வெச்சு, நடுவுலருந்து வெளிய பார்த்து காஞ்ச பிரஷ்ஷால தள்ளிட்டே போங்க, காத்துக் குமிழி நிக்கக் கூடாது. மொதல்ல ஒரு துண்டுப் பட்டுல ஒட்டிப் பழகுங்க. ரெண்டு நாள் காஞ்சப்பறம் சட்டத்துலருந்து அறுத்து எடுங்க.

கையெழுத்து ஓரத்துல சின்னதா, மைல. சான் தூரிகையால சீன எழுத்த மேலருந்து கீழ எழுதி செவப்பு முத்திரை குத்துவாரு, நான் தமிழ்ல அம்மா பேரையும் என் பேரையும் மேலருந்து கீழ எழுதறேன்.

ஃப்ரேம் போடற கடைல கண்ணாடி பட்ட தொடாம நடுவுல மெல்லிசு கட்டை வெக்கச் சொல்லுங்க, இல்லன்னா குளிர்ல கண்ணாடி உள்ள வேர்த்து பட்டு ஒட்டிக்கும். வெளிச் சுவத்துல மாட்டாதீங்க, மழைக்காலத்துல அதுல ஓதம் ஏறும், ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்குற சுவரு நல்லது, ஜன்னல் வெயில் நேரா படாத எடமா பாருங்க, வெயில்ல பட்டு மஞ்சளாகி நொறுங்கும். கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் ஜாஸ்தி, அதனால தை பொறந்ததும் துணிய கட்டுங்க, மாசி பங்குனிக்குள்ள பேப்பர் ஒட்டி முடிச்சிடுங்க, சித்திரைல கோடை மழை புடிச்சா பசை காயாது.